பஸ்தியானுக்கு ஒரு நாற்காலி

நாலு மணிக்குக் கிளம்பினால் போதும். முத்தியால்பேட்டையிலிருந்து குருசுக்குப்பத்துக்குக் கால் மணி நேர நடைதான். ஆனால் கலியபெருமாள் இன்று மூன்றரைக்கே செருப்பை மாட்டிக்கொண்டார். போய்ச் சேர்வதற்குள் ஓர் ஆளை என்ன செய்வது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த ஆள் செத்து நாலு வாரம் ஆகிறது. நாலு வாரமாக அவனை இவர்தான் உயிரோடு வைத்துக்கொண்டிருக்கிறார். "குடை?" என்றாள் உள்ளேயிருந்து செண்பகம். "மழையா பெய்யுது?" "வெயிலுக்குத்தான் சொல்றேன். அப்புறம், தெருவுல தனியாப் பேசிக்கிட்டுப் போவாதீங்க. மருந்துக் கடைக்காரர் எங்கிட்டக் கேக்குறாரு, ஐயாவுக்கு ஒடம்பு சரியாத்தானே இருக்குன்னு." குடையை எடுத்துக்கொண்டார். நாற்பது வருஷத்தில் செண்பகத்திடம் சொல்லாமல் வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது; மற்ற ஆண்பிள்ளைகள் எதையெதையோ மறைக்கிறார்கள், இவர் மறைப்பது பூட்டுத் திறக்கிற ஒரு கிழவனை. அவன் இவருடைய கக்கத்தில் இருக்கிறான். செய்தித்தாளில் அட்டை போட்ட பிரெஞ்சுத் துப்பறியும் நாவல் ஒன்று, இருநூற்று நாற்பது பக்கம். லியோன் நகரத்தில் ஒரு கடிகார வியாபாரியை யாரோ கொன்றுவிடுகிறார்கள், மோரெல் என்பவனின் கொள்ளைக் கும்பல் மீது சந்தேகம் விழுகிறது, ஃபோர்னியே என்ற இன்ஸ்பெக்டர் துப்புத் துலக்குகிறார். அந்தக் கும்பலில் மூத்தவன் பஸ்தியான். வயது அறுபத்து மூன்று, முழங்கால் வலி, எந்தப் பூட்டும் அவன் விரலுக்கு வழிவிடும், ஆள் மேல் மட்டும் கத்தி வைக்கமாட்டான், கூட்டாளிகளுக்கு வெங்காய சூப் வைத்துக் கொடுப்பான், வேலை செய்யும்போது மூக்கால் ஏதோ முனகுவான். தொண்ணூற்றேழாம் பக்கத்தில், ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவில், அவனை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். அப்படித்தான் அச்சில் இருக்கிறது. கலியபெருமாள் அப்படிப் படிக்கவில்லை.

மாற்றுவது என்பது அவர் குணமே இல்லை, அதுதான் ஆச்சரியம். முப்பத்தோரு வருஷம் நோட்டரி அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கினார். ஒரு பத்திரத்தில் கிணற்றுக்கு வடக்கே பூவரச மரம் என்று இருந்தது. நேரில் போய்ப் பார்த்தார், மரம் தெற்கே நின்றது. திரும்பி வந்து வடக்கே என்றே எழுதினார். மரத்தை நகர்த்துவது அவர் வேலை இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் அறுபத்தொன்பது வயதில் ஒரு பிணத்தை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். எல்லாம் எமீலுக்காக. எமீல் தைரியநாதன், கூடப் படித்தவன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து திரும்பிய சொல்தா. கண்ணில் அழுத்தம் ஏறி ஏறி மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு கண்ணும் அணைந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்தது பட்டாளத்துப் பிரெஞ்சு, நட, நில், சுடு, சோறு எங்கே. கதை என்றால் தமிழில் கேட்டால்தான் கதை. அதனால் செவ்வாயும் வெள்ளியும் கலியபெருமாள் போய் உட்கார்ந்து, பிரெஞ்சைப் பார்த்துக்கொண்டே வாயால் தமிழாகச் சொல்லுவார், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். காலையில் பலகாரம் ஆனதும் அன்றைய அத்தியாயத்தை ஒரு முறை பென்சிலோடு படித்துத் தயார் செய்துகொள்வார். முதல் நாளே எமீல் சொல்லிவிட்டான்: "கெட்ட வார்த்தை வந்தா கெட்ட வார்த்தை. ரத்தம் வந்தா ரத்தம். எனக்குப் போனது கண்ணு, காது இல்ல. மாத்திக் கீத்திப் படிச்ச, சவரிராயன் கதிதான் ஒனக்கும்." சவரிராயன் இவருக்கு முன்னால் படித்தவர், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பக்தியான மனுஷன், முத்தம் வருகிற இடத்திலெல்லாம் "பிறகு அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்" என்று படித்துவிடுவார். ஏழாவது தடவை எமீல் கையை உயர்த்தியிருக்கிறான்: "எப்பப் பார்த்தாலும் பேசிக்கிட்டே இருக்காங்களே, அப்ப அந்தப் புள்ள எப்படிய்யா பொறந்திச்சு?" இரண்டு வருஷமாகக் கோயிலில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் எமீல் அவரிடம் வாய் திறப்பதில்லை. முத்தத்தை மறைத்ததற்கே இப்படி. பிணத்தை மறைத்தவனை என்ன செய்வான்?

தெரு முனையில் ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கி நின்றார். ரொட்டிக் கடைச் சூடு முகத்தில் அடித்தது, சாயந்திரத்து ரொட்டி இறங்கும் நேரம். எமீலின் அண்ணன் ஒகுஸ்துக்கு இந்த வாசனை பிடிக்கும் என்று எமீல்தான் சொல்லியிருக்கிறான். ஒகுஸ்த் முதலில் பட்டாளத்தில் சேர்ந்து, பிறகு தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டு, அங்கேயே துலோன் நகரத்தில் தங்கிவிட்டவர். மூன்றாம் அத்தியாயத்தில் பஸ்தியான் முனகிக்கொண்டே வெங்காயம் நறுக்கியபோது எமீல் தொடையில் தட்டினான்: "டேய், இவன் எங்க ஒகுஸ்துடா! முட்டி வலிகூட அதே காலு!" அதிலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் கேள்வி, இன்னிக்கு நம்ம கிழவன் வர்றானா? பிறகு அந்த வெள்ளிக்கிழமை. ஒன்பதாம் அத்தியாயத்தைக் காலையில் படித்துவிட்டு, ஐயோ பாவம் என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனால், வாசலில் எமீலின் மனைவி பிலோமின் நின்றிருந்தாள். துலோனிலிருந்து போன் வந்ததாம், ஒகுஸ்த் ஆஸ்பத்திரியில் போய்விட்டாராம், நாளைக்கே அடக்கமாம், இந்தக் கண்ணோடு வர வேண்டாம் சித்தப்பா என்று அவர் மகள் சொல்லிவிட்டதாம். உள்ளே எமீல் வழக்கமான நாற்காலியில் சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏதாவது சொல்ல வாயெடுத்தவரை அவன் விடவில்லை. "வா கலியா. படி." கலியபெருமாள் படித்தார். பக்கம் பக்கமாக மாடிப்படி நெருங்கிக்கொண்டே வந்தது, எமீலின் முகம் இவர் வாயையே பார்ப்பதுபோல் திரும்பியிருந்தது, கடைசிப் பக்கத்தில் பஸ்தியான் முதல் படியில் கால் வைக்கிறான், பின்னால் ஒரு கை வருகிறது, வாய் தானாகச் சொன்னது: "பஸ்தியான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்கி வீட்டுக்குப் போனான்." ஒரு வாக்கியம். அவ்வளவுதான். அதை யார் சொன்னது என்று இன்னும் அவருக்குத் தெரியாது. "போய்ட்டானா?" "போய்ட்டான்." "பத்திரமாவா?" "ம்."

ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு பின்வேலை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உயிரோடு இருப்பவன் எங்காவது இருந்தாக வேண்டும். பத்தாம் அத்தியாயத்தில் கும்பல் காபிக் கடையில் கூடுகிறது, புத்தகத்தில் மூன்று நாற்காலி, இவர் நாலாவதை இழுத்துப் போட்டார். பஸ்தியானுக்கும் ஒரு காபி. ஆனால் அவனுக்கென்று பேச்சு எழுதப்படவில்லை, சும்மா உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தான். பதினோராம் அத்தியாயம்தான் கழுத்தைப் பிடித்தது. அது முழுக்க பஸ்தியானின் சவ அடக்கம்! கல்லறையில் மழை, கும்பல் ஒரு பக்கம், இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம். விட்டுவிட முடியாது, அத்தியாயம் குறைந்தால் எமீல் எண்ணிவிடுவான். காலை முழுக்க யோசித்து, கும்பல் தலைவன் மோரெலுக்கு ஓர் அத்தையை உண்டாக்கி, அவளை உடனே சாகடித்து, அந்தக் குழியில் இறக்கினார். பஸ்தியானையும் குடையோடு அங்கே நிற்க வைத்தார். தன் அடக்கத்துக்குத் தானே வந்து நனைந்துகொண்டு நின்ற மனுஷன் உலகத்தில் அவன் ஒருவன்தான். பதினாலாம் அத்தியாயத்தில் மூவரும் காரில் தப்புகிறார்கள், கொள்ளைச் சாமான் போக ஒரு பூனைக்குக்கூட இடமில்லை என்று ஆசிரியரே எழுதித் தொலைத்திருக்கிறார். பஸ்தியானைப் பின்னால் சைக்கிளில் வரச் சொன்னார். சொன்ன மறு நிமிஷம் அந்த முட்டியும் லியோன் மேடும் ஞாபகம் வந்தது, மனசு கேட்கவில்லை, ஒரு டிராம் வண்டியை வரவழைத்து ஏற்றிவிட்டார். இப்படியே ஏழு அத்தியாயம். தவறுதான், பெரிய தவறு, ஆனால் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் காய்கறிக் கடையில் நிற்கும்போதுகூட பஸ்தியானுக்கு என்ன கொடுக்கலாம், எங்கே உட்கார வைக்கலாம் என்றே ஓடுவதில் ஒரு சந்தோஷம் இருப்பதை அவர் தனக்குத்தானே மறைக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பிறத்தியாருடைய கிணற்றையும் மரத்தையும் எழுதியவர். முதல் தடவையாக ஒருவனுக்குக் குளிருமே என்று கழுத்துத் துண்டு போட்டிருக்கிறார்.

இன்று பதினேழாம் அத்தியாயம். இன்று தப்ப முடியாது. காலையில் படித்தபோதே காது சூடாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஃபோர்னியே மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கோட்டுப் பொத்தானை எடுக்கிறார், செத்த பஸ்தியானின் மூடிய கைக்குள் இருந்த பொத்தான். அதை வைத்துத்தான் கொலைகாரனை நோக்கி முதல் அடி வைக்கிறார். பஸ்தியான் சாகவில்லை என்றால் பொத்தான் இல்லை. பொத்தான் இல்லை என்றால் கதை அங்கேயே நின்றுபோகும். பொத்தானைத் தெருவில் கண்டெடுத்ததாகச் சொல்லலாமா? தெருவில் கிடந்த பொத்தானை எந்த இன்ஸ்பெக்டர் இழுப்பறையில் வைப்பான்? அத்தையின் குழியில் கிடந்தது என்றால்? அத்தைக்கு ஏன் ஆண்பிள்ளைக் கோட்டுப் பொத்தான்? சேச்சே, செத்தவளைப் பற்றி. வாய்விட்டே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, எதிரே வந்த பெண் பால் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு விலகிப் போனாள். கடற்காற்று சட்டைக்குள் புகுந்து முதுகு வேர்வையை ஆற்றியது. எமீலிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். அவன் எழுந்து நிற்பான், கையை நீட்டி வாசல் எந்தப் பக்கம் என்று சரியாகக் காட்டுவான், குரல்கூட உயராது. பிறகு செவ்வாய் வரும், வெள்ளி வரும், நாலு மணி வரும், செருப்பு வாசலிலேயே கிடக்கும். அந்தக் காலிச் சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. அந்த வீடு போய்விட்டால் தனக்கு இந்த ஊரில் வேறு போக்கிடம் உண்டா என்று எண்ணிப் பார்த்தார், எண்ணாமல் இருந்திருக்கலாம். கடைசித் திருப்பத்தில், வேப்பமரத்து நிழலில் கால் வைத்த அந்த நொடியில், வழி கிடைத்தது. ரயில்! பஸ்தியானை ரயிலேற்றி விடுவது. தெற்கே எங்காவது அவனுக்கு ஒரு தம்பி இருக்கட்டும். கிழவன் இந்தத் தொழிலே வேண்டாமென்று, போகிற போக்கில் கொலையைப் பற்றித் தெரிந்ததை இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதமாக எழுதிப் பொத்தானையும் உள்ளே வைத்து அனுப்பிவிட்டு, அதிகாலை ரயிலில் தம்பி வீட்டுக்குப் போய்விடட்டும். பொத்தானும் சேர்ந்தது, பஸ்தியானும் பிழைத்தான். இத்தனை அழகான தீர்வு தன் தலையிலிருந்தா வந்தது என்று கலியபெருமாளுக்கே நம்பிக்கையில்லை. குடையைச் சுழற்றிக்கொண்டு வாசலேறினார்.

"வாங்கண்ணே," என்றாள் பிலோமின். "காலையிலேருந்து மொகத்துல ஒரே வெளிச்சம். என்னன்னு கேட்டா, கலியா வரட்டும்ங்குறாரு." எமீல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். "ஒக்காருடா. புஸ்தகத்தைத் தொறக்காத. மொதல்ல நான் சொல்றதக் கேளு. கடிகாரக்காரனைக் கொன்னது யாருன்னு கண்டுபுடிச்சிட்டேன்." "சரி, சொல்லு." கலியபெருமாளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, எமீல் புத்தகத்துக்கு மூன்று பேரைச் சந்தேகப்படுகிறவன், எதுவும் பலித்ததில்லை. "நம்ம கிழவன். பஸ்தியான்." "யாரு?" "பஸ்தியான்டா! பூட்டுக்காரன்! நல்லவன் மாதிரி வெங்காயம் நறுக்குனானே, அவன். நான் ராத்திரியும் பகலும் மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டேன். ஒம்பதாம் அத்தியாயத்துலேருந்து அவன் எல்லா எடத்துலயும் இருக்கான், ஒண்ணும் செய்யுறதில்ல. காபிக் கடையில இருக்கான், பேசுறதில்ல. அதைவிட, கவனிச்சியா, அவன்கூடவும் ஒருத்தனும் பேசுறதில்ல! ஏன்? அவன் மேல அவங்களுக்கே பயம். தலைவனோட அத்தை செத்தா இன்ஸ்பெக்டர் எதுக்குடா கல்லறைக்கு வர்றான்? அவளுக்கு இவன் மாமனா மச்சானா? பஸ்தியானைப் பார்க்க வந்திருக்கான். மழையில நின்னு ஒருத்தனையே பார்த்துக்கிட்டு இருந்தான்னு நீதான படிச்ச?" குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் அச்சில். அத்தையின் குழியை இன்ஸ்பெக்டர் ஏன் அவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று அன்று பார்வையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டிருந்தார் கலியபெருமாள். "அப்புறம் அந்த டிராமு. எல்லாரும் காருல போறாங்க, இவன் மட்டும் தனியா டிராமுல. எதுக்கு? போலீசுக்குத் தகவல் சொல்ல! கொலையும் பண்ணிட்டு, காட்டியும் குடுத்துட்டு, ஊமை மாதிரி ஒக்காந்திருக்கான் ராஸ்கல். நான் அவனை எங்க அண்ணன் மாதிரின்னு வேற சொன்னேன். வாய அலம்பணும்."

கலியபெருமாள் புத்தகத்தைத் திறந்தார். விரல் தானாகப் பதினேழாம் அத்தியாயத்தில் போய் நின்றது. என்ன சொல்லலாம், அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று எப்படிச் சொல்லலாம், கதை சொல்கிறவன் நடுவில் சாட்சி சொல்லக் கூடாது. ரயில் இருக்கிறது. ரயிலில் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார், படித்தார் என்பது தவறு, எழுத்தின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டு சொன்னார்: "விடிவதற்கு முன்பே பஸ்தியான் எழுந்துவிட்டான். கருவிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தெற்கே போகும் முதல் ரயிலில்..." பளாரென்று கைதட்டல் கேட்டது. "ஓடுறான்! ஓடுறான் பாரு பிலோமின்! நான் சொல்லி வாய் மூடல, பொட்டியக் கட்டிட்டான்!" சமையலறையிலிருந்து பிலோமினும் சிரித்தாள். "புடிக்காம வுட்டுடப் போறாங்க, ஒங்க இன்ஸ்பெக்டரு தூங்கிக்கிட்டு இருக்கப் போறாரு." எமீல் முகத்தில் நாலு வாரமாகப் பார்க்காத மலர்ச்சி. அண்ணன் போனதிலிருந்து அவன் இப்படிச் சிரித்ததில்லை. இப்படியே விட்டுவிடலாம். இன்னும் மூன்று அத்தியாயம், வேறொருவனின் குற்றத்தை எடுத்துக் கிழவன் தலையில் வைத்தால் போதும், பெயரை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும், எமீல் ஜெயித்துவிடுவான், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொலைகாரனைக் கண்டுபிடித்தவனாக இருப்பான், செவ்வாயும் வெள்ளியும் தொடரும். யாருக்கும் தெரியாது. புத்தகத்தில் இருக்கிறவனுக்கு மானமா, ரோஷமா? கலியபெருமாள் அடுத்த வரிக்கு வாயைத் திறந்தார். பஸ்தியான் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தான், இவர் போட்டுவிட்ட கழுத்துத் துண்டோடு, ஆள் மேல் கத்தி வைக்காத கையை முட்டிமேல் வைத்துக்கொண்டு. கும்பலில் உண்மையைச் சொல்லப் போனவன் அவன் ஒருவன்தான், அதற்காகத்தான் கொன்றார்கள் என்று இதே அத்தியாயத்தில் எழுதியிருக்கிறது. அந்தச் சாவை இவர் திருடிக்கொண்டார், இப்போது நல்ல பேரையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். திறந்த வாயை மூடிக்கொண்டு புத்தகத்தை மடியில் இறக்கினார்.

"என்னடா நின்னுட்ட?"

"எமீல், அவன் கொலைகாரன் இல்ல."

"கதைய ஒடைக்காதடா."

"ஒடைக்கல. அவன் ரயிலும் ஏறல, டிராமும் ஏறல. அவன் செத்துட்டான். ஒம்பதாம் அத்தியாயத்துலயே செத்துட்டான். மாடிப்படியிலேருந்து தள்ளிட்டாங்க. நான்தான் படிக்கல."

பிலோமின் கரண்டியோடு சமையலறை வாசற்படிக்கு வந்தாள். கலியபெருமாள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது. அத்தை என்று யாரும் கிடையாது, அது பஸ்தியானின் அடக்கம். அவனோடு ஒருத்தரும் பேசாததற்குக் காரணம் அவன் அங்கே இல்லாததுதான். நாலாவது நாற்காலி இவர் போட்டது. எல்லாவற்றையும் வரிசையாக, பத்திரம் வாசிப்பதுபோல, அத்தியாய எண்ணோடு சொன்னார். சொல்லி முடித்தபோது உள்ளங்கை ஈரம் செய்தித்தாள் அட்டையில் ஒட்டி, மை விரலில் ஏறியிருந்தது. எமீல் எழுந்தான். எழுந்து நின்றான். இதோ கை நீளப் போகிறது, வாசல் பக்கம். கலியபெருமாள் குடை எங்கே என்று பார்த்தார். எமீல் கையை நீட்டவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான், பரேடில் நிற்பவனைப்போல. "ஒம்பதாவதை என்னிக்குப் படிச்ச?" என்றான். "அந்த வெள்ளிக்கிழமைதான்." "என்னைப் பச்சைப்புள்ளைன்னு நெனச்சியா?" "இல்ல." "பின்ன?" "எனக்கே படிக்க முடியல எமீல். ஒனக்காகன்னு இத்தனை நாளும் சொல்லிக்கிட்டேன். எனக்கேதான் முடியல." எமீல் உட்கார்ந்தான். கோபம் போகவில்லை, கன்னத்து எலும்பில் அசைந்துகொண்டிருந்தது. "எல்லாத்தையும் தப்பான துப்ப வச்சிக்கிட்டுக் கண்டுபுடிச்சிருக்கேன். நாலு வாரம். கடைசியில ஒன்னையத்தான்டா கண்டுபுடிச்சிருக்கேன்." மூச்சை இழுத்து விட்டான். "ஒம்பதாம் அத்தியாயத்தை எடு. கடைசிப் பக்கம். ஒரு எழுத்து கொறைஞ்சாலும் எனக்குத் தெரியும்."

கலியபெருமாள் எடுத்தார். படித்தார். இந்த முறை வாய் எங்கும் முந்திக்கொண்டு ஓடவில்லை, கண் எங்கே நின்றதோ அங்கே நின்றது. பஸ்தியான் முதல் படியில் கால் வைத்தான். பின்னால் ஒரு கை வந்தது. பதினெட்டுப் படி என்று எழுதியிருந்தது, பதினெட்டு என்றே சொன்னார். கீழே விழுந்தவனின் பக்கத்தில் கருவிகள் விழுந்து கிடந்தன, அவன் அவற்றை எந்த வரிசையில் அடுக்கி வைத்திருந்தானோ அந்த வரிசை கலையாமலே சரிந்து கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். இன்ஸ்பெக்டர் வந்தார், மண்டியிட்டார். எமீல் கையை உயர்த்தினான். "கண்ணு தொறந்தா கெடந்தான்?" "தொறந்துதான்." "யாரு மூடுனா?" "இன்ஸ்பெக்டர். கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் இமையை மூடினார்னு எழுதியிருக்கு." "கழட்டிட்டா?" "கழட்டிட்டு." எமீல் தலையை ஆட்டினான். கட்டை விரல் நாற்காலிக் கையை முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தது. "ஒகுஸ்துக்கு யாரு மூடுனாங்கன்னு நான் கேக்கவே இல்ல." அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னான். வாசற்படியில் நின்ற பிலோமின்தான் பதில் சொன்னாள்: "மிரேய்தான் மூடிச்சு. அவரு மவ. அன்னிக்கே போன்ல எங்கிட்டச் சொல்லிச்சு. கைய ஒரசிச் சூடு பண்ணிக்கிட்டு அப்புறம் மூடிச்சாம், அப்பாவுக்குச் சில்லுன்னு இருக்கக் கூடாதுன்னு." "எங்கிட்டச் சொல்லலியே." "நீங்க கேக்கலியே." அவள் வந்து எமீல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எமீல் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான், யாருக்கு என்று தெரியவில்லை, இரண்டு பேருக்குமாக இருக்கலாம். அவனுடைய பார்வையில்லாத கண்களிலிருந்து நீர் வழிந்தபோது அவன் அதைத் துடைக்கவில்லை, மற்ற இரண்டு பேரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்து இருமிக்கொண்டே இருந்தது, பிறகு கிளம்பிப் போனது. கலியபெருமாள் புத்தகத்தை மூடலாமா கூடாதா என்று தெரியாமல் விரலை நடுவில் கொடுத்து வைத்திருந்தார்.

"மூடாத," என்றான் எமீல். "பத்தாவதைப் படி. மொதல்லேருந்து. அவன் இல்லாம மத்தவங்க என்ன பண்றாங்கன்னு கேக்கணும்."

பத்தாம் அத்தியாயம். மூன்று பேர் காபிக் கடைக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. "இது புஸ்தகத்துல இருக்கா, நீ சொல்றியா?" "புஸ்தகத்துல." "சரி." மோரெல் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான், காபி ஆறிவிட்டது. போன மாசம் இதே வரியைச் சொன்னபோது கிழவனை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்ற கவலையில், இந்த மூன்று பேரும் எவ்வளவு மௌனமாக இருக்கிறார்கள் என்பதையே கலியபெருமாள் பார்க்கவில்லை. இப்போது அந்த மௌனம் ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் தட்டுப்பட்டது, நல்ல எழுத்துக்காரன்தான், அவன் போட்ட நாற்காலிகளுக்குக் கணக்கு இருந்திருக்கிறது. நாக்கு லேசாக இருந்தது. எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, இருக்கிறதைச் சொன்னால் போதும். மூவரில் இளையவன் பழக்கத்தில் நாலு பேருக்கு சூப் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான். எமீல் மறுபடி கையை உயர்த்தினான். "இது?" "புஸ்தகத்துல இருக்கு எமீல். பாவம், வாய் தவறிக் கேட்டுட்டான்." "ம். படி." பிலோமின் நாற்காலிக் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. ஆறாவது பக்கத்தில், போன மாசம் இவர் சொல்லாமல் தாண்டிவிட்ட இடத்தில், தலைவன் மோரெல் எழுந்து கடையின் சமையலறைக்குள் போய், வெங்காயத்தை எடுத்து, தனக்குத் தெரியாத அந்த சூப்பைத் தானே வைக்க ஆரம்பித்தான். கொலைக் கதையில் ஒரு கும்பல் தலைவன் இப்படிச் செய்வானா? யாரோ இட்டுக்கட்டியது போலத்தான் இருந்தது. படித்துக்கொண்டிருந்த கலியபெருமாளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்து வரியைத் திரும்பப் பார்த்தார், அச்சில்தான் இருந்தது. வாசிப்பதை நிறுத்தி, எமீலின் கை எழும்புவதற்காகக் காத்திருந்தார். எமீல் கையை உயர்த்தவில்லை. தலையைச் சாய்த்து, அந்த சூப் என்ன ஆனது என்பதை அறிய, காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான்.